வாக்கர் என்பவர் யார்? அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைத் தொகுக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் பத்து வருடம், ஈரத் துணியை அகலத்துக்கு இழுத்துக் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷினில் நின்றேன். இப்போது ஆபீசில், துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுகிறேன். உங்கள் அகராதிகள் இல்லாவிட்டால் மெஷினை விட்டு இந்த நாற்காலிக்கு நான் வந்திருக்கவே முடியாது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மெயிலின் அடியில் வாக்கர் என்று குடும்பப் பெயர் இருந்தது. எட்டிப் பார்த்த என் மகள், "அப்பா, இவங்க தாத்தா ரொம்ப நடப்பாரோ?" என்று கேட்டாள். அகராதியைப் புரட்டினோம். 'நடப்பவர்' என்று இருந்தது. வயதானவர்கள் பிடித்து நடக்கும் சட்டமும் இருந்தது. அவ்வளவுதான். ஃபுல்லர் என்ற பெயரைத் தேடினால் 'வண்ணான்' என்று ஒரே சொல். டக்கர் இல்லவே இல்லை.

இந்த மூன்று பெயரும் ஒரே தொழிலின் பெயர்கள். அதுவும் என்னுடைய தொழில். மகளுக்குப் பதில் சொல்லத் தேடிப் படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி அப்படியே உடுத்த உதவாது. ஆட்டு ரோமத்தின் பிசுக்கு அதிலேயே இருக்கும். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். அதனால் தொட்டியில் தண்ணீர் விட்டு, துணியைப் போட்டு, ஆட்கள் உள்ளே இறங்கி மணிக்கணக்காக மிதித்தார்கள். பிசுக்கு போக ஒருவகைக் களிமண்ணும் நாள்பட்ட சிறுநீரும் சேர்த்தார்கள். ஆம், சிறுநீர்தான். வைத்திருந்தால் அதில் அமோனியா ஊறும்; எண்ணெய்ப் பசையைப் பிரிக்க அன்றைக்கு அதைவிட மலிவான சரக்கு இல்லை. வீடு வீடாகச் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். அந்தக் களிமண்ணுக்கு இன்றும் ஆங்கிலத்தில் ஃபுல்லர்ஸ் எர்த் என்றுதான் பெயர். முகத்தில் பூச நம் ஊர்க் கடையில் வாங்கும் முல்தானி மிட்டி அதுவேதான். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று பின்னி, துணி சுருங்கி, கெட்டியாகி, மழைக்கும் குளிருக்கும் தாங்கும்.

மூன்று சொற்களின் வேரைப் பார்த்தாலே அந்தத் தொட்டி கண்ணில் தெரிகிறது. பழைய ஆங்கிலத்தில் 'வெயால்கன்' என்றால் உருட்டுவது, புரட்டுவது. துணியைப் புரட்டி மிதித்தவர் வாக்கர். காலால் நடப்பது என்ற பொருள் அந்த வினைச்சொல்லில் பிற்பாடு வந்து சேர்ந்ததுதான். டக்கர் வந்த சொல்லுக்குத் துன்புறுத்துவது, வதைப்பது என்று பொருள். ஃபுல்லருக்கு மூலம் லத்தீனின் 'ஃபுல்லோ', ரோமில் இதே தொழிலைச் செய்தவர்களின் பெயர்.

1066-இல் நார்மன்கள் வந்து இறங்கியபோது சாதாரண ஆங்கிலேயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரே ஊரில் நாலு ஜான் இருந்தால் மிதிக்கிற ஜான், கொல்லுப்பட்டறை ஜான் என்று அடையாளம் சொன்னார்கள். அடுத்த முந்நூறு ஆண்டுகளில் அந்த அடையாளம் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கிப் பெயராக உறைந்தது. தொழிலுக்கு எந்த ஊரில் எந்தச் சொல் வழங்கியதோ அந்த ஊரில் அதுவே பெயரானது. இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர். சசெக்ஸ், கென்ட், நார்ஃபோக் பக்கம் ஃபுல்லர். தென்மேற்கே டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். ஐந்நூறு வருடம் கழித்து, 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைந்த வரைபடங்களிலும் இந்தப் பிரிவு தெளிவாகத் தெரிகிறது. 1620-இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போன ஃபுல்லர் சகோதரர்களின் சொந்த ஊர் நார்ஃபோக்கில்தான் இருக்கிறது. எக்ஸிட்டர் நகரில் 1471-இல் நெசவாளர்களும் மிதிப்பவர்களும் துணியின் மேல்ரோமத்தைக் கத்தரிப்பவர்களும் சேர்ந்து கட்டிய சங்கக் கட்டடத்துக்கு இன்றும் டக்கர்ஸ் ஹால் என்றுதான் பெயர். மூன்றில் வாக்கர் மட்டும் இவ்வளவு பெருகியதற்கு, அந்தச் சொல் வழங்கிய நிலப்பரப்பு பெரிது என்பதே முக்கியக் காரணம் என்று எனக்குப் படுகிறது. அங்கேதான் யார்க்‌ஷயரின் கம்பளித் தொழிலும் வளர்ந்தது.

அப்புறம் ஒரு விஷயம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. இங்கிலாந்தில் 1185 வாக்கிலேயே தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடும் மிதிப்பு ஆலைகள் கணக்கேடுகளில் வந்துவிடுகின்றன. சக்கரம் சுற்ற, பெரிய மரச் சம்மட்டிகள் ஏறி இறங்கித் துணியை இடிக்கும். ஆள் பக்கத்தில் நின்று திருப்பிப் போட்டால் போதும். வேல்ஸில் அந்த ஆலைக்குப் 'பாண்டி' என்று பெயர். டோனிபாண்டி என்ற ஊரின் பெயரில் அது இருக்கிறது. ஆக, கால்களின் வேலையை ஆலைகள் எடுத்துக்கொண்டு வந்த அதே காலத்தில்தான் கால்களால் வந்த பெயர் குடும்பங்களில் நிலைத்திருக்கிறது. அந்தத் தொட்டிகளில் இறங்கி மிதித்தவர்களுக்கு இந்தப் பெயரைத் தவிர வேறென்ன நினைவுச்சின்னம் இருக்கிறது, சொல்லுங்கள்?

மிதித்த துணி சுருங்கிக் கோணலாக இருக்கும். அதை வெட்டவெளியில் நீளமான மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டிக் காயவைத்தார்கள். அந்தச் சட்டத்துக்கு டென்டர் என்று பெயர். ஓரத்தைப் பிடிக்கும் வளைந்த ஆணி டென்டர்ஹூக். பதற்றத்தில் தவிப்பதை 'ஆன் டென்டர்ஹூக்ஸ்' என்பார்கள். நீங்கள் 'பதைபதைப்பு' என்று சரியாகவே பொருள் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் ஆணியில் மாட்டி இழுபடும் துணி அதில் இல்லை. வெளியில் கிடக்கும் துணியைத் திருடுவதும் சுலபம். கம்பளி ஊரான ஹாலிஃபாக்ஸில் 13½ பென்ஸ் பெறுமானமுள்ள பொருளைத் திருடினாலே தலையை வெட்டினார்கள். 1650 வரை அது நடந்தது.

நான் பத்து வருடம் நின்ற ஸ்டென்டர் அந்தச் சட்டத்தின் வாரிசுதான். அதை டென்டர் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஓடும் சங்கிலியில் வரிசையாக ஊசிகள் இருக்கும். ஈரத் துணியின் ஓரம் அதில் குத்திக்கொண்டு, சூடான அறைக்குள் போய், சொன்ன அகலத்தில் காய்ந்து வெளியே வரும். துணியின் ஓரத்தைப் பிடித்துப் பாருங்கள், பொடிப்பொடியாக ஊசித்துளைகள் தெரியும். சேர்ந்த முதல் வாரத்தில் என் கட்டைவிரலிலும் அதே துளை விழுந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

'வண்ணான்' விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தமிழ் பைபிளில் மாற்கு 9-ஆம் அதிகாரத்தில், ஆங்கிலத்தில் ஃபுல்லர் வரும் இடத்தில் 'எந்த வண்ணானும்' என்று வருகிறது. அங்கே பேச்சு உடையை வெளுப்பதைப் பற்றி; பழங்காலத்தில் அந்தத் தொழிலாளர்கள் துணி வெளுக்கவும் செய்தார்கள். ஆகவே அந்த மொழிபெயர்ப்பில் குறை சொல்ல மாட்டேன். அகராதியும் அதையே எடுத்துக்கொண்டு நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம். புதுத் துணியை உருவாக்கும் ஒரு தொழில் அதில் மறைந்துபோகிறது. போதாததற்கு, நம் ஊரில் ஒரு சாதியைக் குறிக்கும் சொல்லை, அதுவும் மரியாதையில்லாத ஒருமையில், ஒரு தொழிலுக்குப் பொருளாகக் கொடுப்பது என் பட்டறையில் பக்கத்தில் நிற்கும் நண்பனைப் புண்படுத்தும். அந்த ஒற்றைச் சொல்லை மாற்றுங்கள்.

வாக்கர் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது தொப்பியும் கைத்தடியுமாக எட்டி நடைபோடும் ஜானி வாக்கர் விஸ்கியின் ஆள். அந்தப் படம் 1908-இல் வந்தது. ஜான் வாக்கர் கில்மார்னாக் ஊரில் 1820-இல் மளிகைக்கடை திறந்தவர், வாக்கர்கள் நிறைந்த ஸ்காட்லாந்துக்காரர். பெயரிலிருந்து தொட்டி மறைந்து நடை மட்டும் மிஞ்சியதை அந்தப் படம் உலகம் முழுக்கக் கொண்டுபோய்விட்டது. பெயர்க்காரர்களுக்கே மறந்துபோன ஒன்றை அகராதியாவது வைத்திருக்க வேண்டாமா?

அடுத்த பதிப்பில் இப்படி இரண்டு வரி சேர்த்தால் போதும்:

வாக்கர்: குடும்பப் பெயர். கம்பளித் துணியை நீர்த்தொட்டியில் இட்டு மிதித்துக் கெட்டியாக்கியவர். வடக்கு, நடு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து வழக்கு. ஃபுல்லர், டக்கர் பார்க்க.

வெப்ஸ்டர், டையர், ஷெர்மன் என்று துணித் தொழில் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. நெய்தவர், சாயமிட்டவர், மேல்ரோமத்தைக் கத்தரித்தவர். மெஷினில் நிற்கும் எங்களிடம் கேட்டால் ஒவ்வொரு வேலையையும் செய்தே காட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. மற்ற எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளி