வளாக வானொலி நாடகத்தைப் பேசத் தடை ஏதும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கலை விழாக்களும் ஆண்டு விழாக்களும் தொடங்கிவிடுகின்றன. மாணவர்கள் பல வாரங்கள் ஒத்திகை பார்த்த நாடகங்கள் மேடையேறுகின்றன. பறையாட்டம், ஒயிலாட்டம், கவியரங்கம், பட்டிமன்றம், குறும்படத் திரையிடல் என்று வளாகம் களைகட்டுகிறது. இவ்வளாகங்களுள் சிலவற்றில் சமுதாய வானொலி நிலையங்களும், அதாவது உள்ளூர் மக்களுக்காக நடத்தப்படும் சிறு வானொலிகளும், இயங்குகின்றன. ஆனால் நாடகம் மேடையேறிய மறுநாள் அதே வளாகத்தின் வானொலியைக் கேட்டால், சிறப்பு விருந்தினரின் பெயர் தெரியவரும், முதற்பரிசு பெற்ற அணி எது என்பது தெரியவரும். நாடகம் எதைப் பற்றியது, யார் எழுதியது, நன்றாக இருந்ததா என்பவை மட்டும் பெரும்பாலும் தெரியவருவதில்லை. நிலையத்தில் பணியாற்றும் மாணவர்களிடம் காரணம் கேட்டால், செய்தி ஒலிபரப்பத் தங்களுக்கு அனுமதி இல்லை என்கிறார்கள். அந்த விடை பாதிதான் சரி என்பதையும், சரியான அந்தப் பாதியும் மாறவேண்டியது என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஆட்டங்களை யார் ஒளிபரப்புவது என்ற வழக்கில் பிறந்த தீர்ப்பு அது. அதற்குப் பின்னும் ஏழாண்டுகளுக்கு மேல் கழிந்து, 2002 டிசம்பரில்தான் கல்வி நிறுவனங்கள் சொந்தமாக வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு முடிவெடுத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எப்.எம். தொடங்கியபோது, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி என்ற பெருமை சென்னைக்குக் கிடைத்தது. 2006இல் தன்னார்வ அமைப்புகளுக்கும் கதவு திறக்கப்பட்டது. இன்று சென்னையில் எம்.ஓ.பி. வைணவக் கல்லூரி, இலயோலாக் கல்லூரி, கோவையில் பி.எஸ்.ஜி., திருச்சியில் ஹோலி கிராஸ், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் புதுவை வாணி எனப் பல நிலையங்கள் உள்ளன. 100 வாட் ஆற்றலுக்கும் 30 மீட்டர் உயரக் கோபுரத்துக்கும் மேல் இவற்றுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஆகவே ஒலி எட்டுவது ஏறத்தாழப் பத்து கிலோமீட்டர் தொலைவுக்குத்தான். ஆனால் கல்லூரியையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் பற்றிப் பேசுவதற்கு அந்த எல்லை தாராளமாகப் போதும்.

சமுதாய வானொலிக்கான மத்திய அரசின் நெறிமுறைகள், செய்தியும் நடப்பு விவகாரமும் அரசியல் சார்ந்த நிகழ்ச்சிகளும் ஒலிபரப்பக் கூடாது என்று கூறுகின்றன. இதுவே அனைவரும் மேற்கோள் காட்டும் பகுதி. செய்தி என்று கொள்ளப்படாதவை எவை என்பதையும் விதிகள் வகைப்படுத்தியிருக்கின்றன என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நேரலை தவிர்த்த விளையாட்டுத் தகவல், போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவுகள், கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர், பேரிடர் அறிவிப்புகள் ஆகியவற்றோடு கலை நிகழ்வுகளையும் திருவிழாக்களையும் பற்றிய ஒலிபரப்பும் அந்த வகைக்குள் அடங்குகிறது. நிகழ்ச்சிகள் எவற்றுக்கு முதன்மை தரவேண்டும் என்று சொல்லுமிடத்தில் வேளாண்மை, உடல்நலம், கல்வி ஆகியவற்றுடன் பண்பாடும் இடம்பெறுகிறது. பாதி அளவு நிகழ்ச்சியாவது அந்தந்தச் சமுதாயத்தினரின் பங்கேற்போடு உருவாக வேண்டும், கூடுமானவரை வட்டார மொழியில் அமைய வேண்டும் என்பனவும் அதே நெறிமுறைகள்தாம். ஆகவே மாணவர் நாடகத்தைப் பற்றிப் பேசுவது விதிமீறல் அன்று. விதி எதிர்பார்க்கும் வேலையே அது.

நாடகத்தைப் பற்றிப் பேசுவது என்றால், அரங்கின் பின்வரிசையில் ஒலிவாங்கி ஒன்றை வைத்து முழு நாடகத்தையும் பதிவுசெய்து அப்படியே ஒலிபரப்புவதை நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் எதிரொலியும் இருமலும் நாற்காலி இழுபடும் ஓசையும்தான் கேட்கும். வசனம் இல்லாத இடங்களில் கேட்பவர் நிலையத்தையே மாற்றிவிடுவார். ஒத்திகை நடக்கும் அறைக்குக் கையடக்கப் பதிவுக் கருவியோடு சென்று, நடிகர்களுக்கு அருகிலிருந்து ஒரு காட்சியைத் தெளிவாகப் பதிவுசெய்துகொள்ளலாம். நெறியாளுகை செய்யும் மாணவரிடம் மட்டும் அல்லாமல், ஒளி அமைப்பவரிடமும், பறை இசைப்பவரிடமும், ஆடை தைத்துத் தந்தவரிடமும் பேசலாம். நாடகம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் கருத்துக் கேட்கும்போது, "சூப்பர்" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடாமல், எந்த இடம் பிடித்தது, எந்த இடம் புரியவில்லை என்று தொடர்ந்து கேட்கலாம். இவற்றைக் கோத்து, இடையில் திறனாய்வாளராகப் பேசும் மாணவர், மேடையில் கண்டதை அரங்கில் இல்லாதவரும் உணரும்படி விவரிக்க வேண்டும். நடிகர்கள் எங்கே நின்றார்கள், வெளிச்சம் எப்போது குறைந்தது, அவையோர் எங்கே சிரித்தார்கள், சிரிக்கக் கூடாத இடத்தில் ஏன் சிரித்தார்கள் என்பதையெல்லாம் சொல்லால் காட்டும் பயிற்சி, எந்த இதழியல் வகுப்பிலும் எளிதில் கிடைக்காதது. மூச்சு விடாமல் படபடவென்று பேசுவதே வானொலித் தமிழ் என்று நம்பிவிட்ட இளைஞர்களுக்கு இது நல்ல மருந்தாகவும் அமையும்.

இதில் ஒழுங்குகள் சிலவும் தேவை. நாடகத்தில் பங்கேற்றவரோ அவருடைய நெருங்கிய நண்பரோ அதைத் திறனாய்வு செய்யக் கூடாது. குறை சொல்லும்போது காரணத்தோடு சொல்ல வேண்டும். அடுத்த ஒலிபரப்பிலேயே நாடகக் குழுவுக்கு மறுமொழி கூற நேரம் தரவேண்டும். பத்தொன்பது வயது மாணவர் ஒருவரின் முதல் நடிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைவு இருக்க வேண்டும் என்பது உண்மை. அதற்காக எல்லாமே அருமை என்று சொல்லிவிட்டு நகர்வது அந்த மாணவருக்கு மரியாதை செய்வதாகாது.

இதற்கு இத்தனை அழுத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. கல்லூரி நாடகம் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் மேடையேறுகிறது. எழுத்துப்படி அச்சாவதில்லை; நடித்தவர்கள் படிப்பு முடிந்து போய்விடுகிறார்கள்; அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கு முந்தைய ஆண்டில் என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. தமிழ் நவீன நாடகமோ கல்வி வளாகங்களோடு ஒட்டியே வளர்ந்தது. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிலரங்கம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடக நெறியாளர் சே. இராமானுஜம் ஆற்றிய பணி, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி முன்னின்று உருவாக்கிய சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளி ஆகியவற்றை விட்டுவிட்டு அந்த வரலாற்றை எழுத முடியாது. அத்தகைய இடங்களில் வளாக வானொலி அன்றே இருந்து, ஒத்திகையையும் விவாதத்தையும் பதிவுசெய்து வைத்திருந்தால், இன்றைய ஆய்வு மாணவருக்கு அது எத்தகைய செல்வமாக இருந்திருக்கும்! இன்று புதுச்சேரியில் நிகழ்கலைப் பள்ளியும் வானொலியும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதங்கள் பாதுகாத்தால் போதும் என்கிறது விதி. அது புகார் வந்தால் விசாரிப்பதற்கான கால அளவு. கலைப் பதிவுகளுக்கு அது பொருந்தாது. அவற்றைப் பல்கலைக்கழக நூலகத்திடம் ஒப்படைத்து, நாடகத்தின் பெயர், நாள், பங்கேற்றோர் விவரங்களோடு நிரந்தரமாகப் பேணச் செய்வதற்குப் பெரும் செலவும் ஆகாது.

வானொலிக்கு இது புதிய வேலையும் அல்ல. நாடக ஒலிபரப்பில் அகில இந்திய வானொலியின் சென்னை, திருச்சி நிலையங்களுக்கு நீண்ட மரபு உண்டு. தில்லியில் 1969இல் யுவவாணி என்ற பெயரில் இளைஞர் ஒலிபரப்பு தொடங்கியது. தமிழ் நிலையங்களின் இளையபாரதம் நிகழ்ச்சி வழியாக முதன்முதலில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவர்கள் என் தலைமுறையில் ஏராளம். ஆனால் அங்கே மாணவர்கள் அழைக்கப்பட்ட விருந்தினர்கள். எதைப் பேசுவது என்பதை நிலையம் முடிவுசெய்தது. வளாக வானொலியில் அந்த முடிவை மாணவர்களே எடுக்க முடியும் என்பதுதான் வேறுபாடு.

இனி, சரியான பாதிக்கு வருகிறேன். நடப்பு விவகாரம் பேசக் கூடாது என்ற தடை உண்மையில் இருக்கிறது. அகில இந்திய வானொலியின் செய்தியை உள்ளபடியே ஒலிபரப்பலாம், அல்லது வட்டார மொழியில் பிழையின்றி மொழிபெயர்த்துத் தரலாம் என்ற அளவுக்கு மட்டும் தளர்வு தரப்பட்டிருக்கிறது. அதாவது, நாடாளுமன்றத்தில் என்ன நடந்தது என்பதை மாணவர் ஒருவர் தம் குரலில் சொல்லலாம். தம் விடுதியில் கட்டணம் உயர்ந்ததைத் தாமே விசாரித்துச் செய்தியாகச் சொல்லக் கூடாது. அதே மாணவர் அதே செய்தியைச் சுவரிதழில் எழுதலாம், கைப்பேசியில் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றலாம். பத்து கிலோமீட்டருக்கு மட்டும் கேட்கும் கருவியின் வழியே சொல்வதுதான் குற்றம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் மாணவர்கள் திரண்டபோது, நாடே அவர்களைப் பற்றிப் பேசியது. மாணவர்களுக்கென்றே அமைந்த வானொலிகளுக்கு அதைத் தம் சொந்தச் செய்தியாகச் சொல்ல உரிமை இருக்கவில்லை. இந்தத் தடையை எதிர்த்து 2013இல் காமன் காஸ் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்தை அணுகியது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

கலைச் செய்தி வேறு, நடப்பு விவகாரம் வேறு என்று விதி கிழிக்கும் கோடும் நடைமுறையில் நிற்பதில்லை. இலயோலாக் கல்லூரி வளாகத்தில் நடைபெற்ற வீதி விருது விழா, நாட்டுப்புறக் கலைஞர்களைப் போற்றும் கலை விழா. வானொலி அதைத் தாராளமாக ஒலிபரப்பலாம். 2019 ஜனவரியில் அவ்விழாவில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஓவியங்கள் சிலவற்றுக்குப் பாரதிய ஜனதா கட்சி எதிர்ப்புத் தெரிவித்தது. கல்லூரி மன்னிப்புக் கேட்டது. அந்த ஓவியங்கள் சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் விழாவின் தொடக்க நாளில் பண்பாட்டு நிகழ்வாக இருந்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் நடப்பு விவகாரம் ஆகிவிட்டது. பறையாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நிலையம் அந்த நேரம் முதல் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எந்த வகையில் பொருந்தும்? தெரு நாடகம் எதை எடுத்துக்கொண்டாலும், அது குடிநீரோ சாதியோ தேர்தலோ, நடப்பைத் தொடாமல் இருப்பதில்லை.

செய்தியை அனுமதித்தால் மாணவர்கள் பொறுப்பின்றி நடந்துகொள்வார்கள் என்று அஞ்சுவோர், நியூயார்க்கில் நடந்ததைப் பார்க்கலாம். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் டபிள்யூ.கே.சி.ஆர். என்ற நிலையம் 1941 முதல் இயங்குவது, ஜாஸ் இசைக்குப் பேர்போனது. 2024 ஏப்ரல் 30 இரவு, பாலத்தீன ஆதரவுப் போராட்டக்காரர்கள் கைப்பற்றியிருந்த அப்பல்கலைக்கழகத்தின் ஹாமில்டன் ஹால் கட்டடத்துக்குள் காவல்துறை நுழைந்தபோது, அந்நிலையத்தின் மாணவ நிருபர்கள் வளாகத்தின் பல முனைகளிலிருந்து, தாம் கண்டதையும் காணாததையும் பிரித்துச் சொல்லி நேரலை தந்தார்கள். கேட்க வந்தவர்களின் கூட்டத்தைத் தாங்காமல் நிலையத்தின் இணையதளம் முடங்கியது. காவல்துறையை அழைத்தது பல்கலைக்கழக நிர்வாகம். நிலையத்தின் உரிமமும் அதே பல்கலைக்கழகத்திடம்தான் இருக்கிறது. நாள்தோறும் இசையைக் கவனமாக அறிமுகப்படுத்திப் பழகிய குரல்களே அன்று செய்தியையும் கவனமாகச் சொல்லின என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

நம் நாட்டில் உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், தில்லியின் தடை நீங்கினாலும் கல்லூரி முதல்வர் அறையின் தடை நீங்காது என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நாடகத் திறனாய்வே சில இடங்களில் நிர்வாகத்துக்குச் சங்கடம் தரும். அந்த நாடகத்தை நெறியாளுகை செய்தவர் துறைத்தலைவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. அதில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2024இல் திருத்தப்பட்ட நெறிமுறைகள் சொல்கின்றன. அக்குழுவில் மாணவர்கள் தேர்ந்தெடுத்த மாணவர்களும் வெளியிலிருந்து நாடகக் கலைஞர் ஒருவரும் இடம்பெற்று, எது ஒலிபரப்பாகும் என்பதை நிர்வாகத்தின் தனிப்பட்ட ஒருவர் அல்லாமல் குழுவே முடிவுசெய்தால், பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீரும்.

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வளாக வானொலிகளுக்காவது, முதற்கட்டமாகத் தம் வளாகத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பற்றிய செய்திகளைத் தாமே திரட்டி ஒலிபரப்பும் உரிமையைத் தரவேண்டும் என்று தங்கள் தலையங்கம் வலியுறுத்த வேண்டுகிறேன். அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத கலைப் பகுதிக்குத் தங்கள் மாவட்டப் பக்கங்களும் உதவலாம். நாடகத்தின் பெயர், நாள், நேரம், இடம், பொதுமக்களுக்கு அனுமதி உண்டா என்ற விவரங்களைக் கல்லூரிகள் அனுப்பினால் வாரம் ஒருமுறை வெளியிடுவதோடு, அதைப் பற்றி வளாக வானொலி எப்போது பேசும் என்ற நேரத்தையும் அதன் கீழேயே அச்சிட இயலுமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கல்லூரித் தமிழாசிரியர்,
திருச்சிராப்பள்ளி