வட்டார உரிமத் துப்பாக்கி வைத்திருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆயுத பூஜை நடந்தது. உரிமம் புதுப்பிக்க வந்தவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம்.

இந்த ஆண்டு என் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டது மூன்றாவது துப்பாக்கிக்கான மனு. 1959 ஆயுதச் சட்டம் ஒருவருக்கு மூன்று வரை அனுமதித்தது. 2019 டிசம்பர் திருத்தம் அதை இரண்டாக்கியது. மசோதாவில் ஒன்று என்றுதான் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டானது. பேசினால் கேட்கிறார்கள் என்ற நம்பிக்கை எனக்கு அதில்தான் வந்தது. தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியும் இந்த இரண்டுக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. பரம்பரைத் துப்பாக்கிக்காவது விலக்கு கொடுங்கள் என்கிறோம். குடகில் கொடவர்களுக்கு உரிமமே வேண்டாம் என்ற விலக்கை இதே மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது.

தானியங்கித் துப்பாக்கித் தடையையும் நீக்கச் சொல்லலாமே என்று பொதுக்குழுவில் ஒரு தம்பி கேட்டார். அது நடக்காது. அந்தத் தடையைச் சொல்லும் ஆயுதச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் கைவைக்க எந்தக் கட்சியும் வராது. ஆயுத உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த அமெரிக்காவிலேயே, 1986 மே 19க்குப் பிறகு பதிவான இயந்திரத் துப்பாக்கியைப் பொதுமக்கள் வாங்க முடியாது. அந்தத் தடை இன்றுவரை அசையவில்லை. இதையும் சேர்த்தால் நம் மனுவை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

மக்களவைத் தேர்தலுக்காக மார்ச்சில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கிகள் ஜூனில் திரும்பின. ஒரு விவசாயியின் துப்பாக்கியைத் திறந்து தட்டினால் குழலிலிருந்து துரு செதில் செதிலாகக் கொட்டியது. ரசீதில் நிலைமை எழுதி வாங்காததால் கேட்க வழியில்லை. சட்டமன்றத் தேர்தல் வருகிறது. போட்டோ எடுத்து, ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டே ஒப்படையுங்கள்.

மனுவில் கையெழுத்திட அழைத்த அன்று பாதி நாற்காலி காலி. துப்பாக்கி ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டால் ராத்திரி பத்து மணிக்கும் கூப்பிடுகிறவர்கள், சந்தா கேட்டால் போனை எடுப்பதில்லை. மனு எல்லோருக்கும்தானே?

பொருளாளர் வாசித்த கணக்கு ஏற்கப்பட்டது. வரவு செலவுக்குச் சரியாக இருந்தது. தலைவர், பொருளாளர், இடம் தந்த மண்டபத்தார் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மனுவை டெல்லியில் நேரில் கொடுக்க விரும்புகிறேன். வக்கீல் செலவும் பயணச் செலவும் நிலுவைச் சந்தாவிலிருந்துதான் வர வேண்டும். சந்தாப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது; ஞாயிறு காலையில் வீட்டில் இருப்பேன்.