வேலையின்மையைக் காரணம் காட்டி நிறுத்தி வைக்கப்பட்டுள்ள துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
முன்னாள் ஹவில்தார், மெட்ராஸ் ரெஜிமென்ட்
(பெயர், படை எண், முகவரி ஆகியவை இணைத்துள்ள டிஸ்சார்ஜ் புத்தக (ராணுவப் பணி விடுவிப்புப் புத்தக) நகலில் உள்ளன)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

நாள்: 10.11.2025, மக்கள் குறைதீர்க்கும் நாள்

பொருள்: 12 போர் (bore) இரட்டைக் குழல் துப்பாக்கி உரிமம் – 31.12.2024-இல் காலாவதி – புதுப்பிக்க 10.10.2024 அன்று விண்ணப்பித்தது – 13 மாதங்களாக உத்தரவு ஏதும் பிறப்பிக்கப்படாதது – தொடர்பாக.

பார்வை: எனது 17.02.2025, 09.06.2025, 08.09.2025 நாளிட்ட மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து நான் தங்கள் அலுவலகத்தில் அளிக்கும் நான்காவது மனு இது. முந்தைய மூன்று மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு உடனே கிடைத்தது. பதில்தான் இன்றுவரை கிடைக்கவில்லை. தங்களுக்கு உள்ள பணிச்சுமையை நான் அறிவேன். ஆயினும் இந்த மனுவையாவது தாங்களே ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டு, பின்வரும் விவரங்களைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன்.

1. எங்கள் ஊரைத் தாங்கள் அறிவீர்கள். கடந்த ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்திற்குத் தாங்கள் வந்திருந்தபோது, பள்ளிக்கூடத்து ஆலமரத்தடியில் பதக்கங்கள் அணிந்து வரிசையாக நின்றவர்களில் நானும் ஒருவன். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. நான் 1990-ஆம் ஆண்டு சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி முடித்து, 17 ஆண்டுகள் பணியாற்றி 2007-இல் ஓய்வு பெற்றேன். 2008-இல் இந்த மாவட்ட நிர்வாகமே எனக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கியது. அந்த உரிமத்தைக் கொண்டுதான் சந்தைமேட்டில் இருந்த வங்கிக் கிளையில் ஆயுதக் காவலராக 16 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இதற்கிடையில் உரிமம் நான்கு முறை புதுப்பிக்கப்பட்டது. ஒருமுறையேனும் என் மீது புகார் எழுந்ததில்லை. ஒரு தோட்டாவுக்குக்கூடக் கணக்கு தவறியதில்லை. முந்தைய தேர்தல்களின்போது துப்பாக்கியை ஒப்படைப்பதிலிருந்து வங்கியின் கடிதத்தின் பேரில் எனக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வேலை இல்லாத நிலையில் வந்த 2024 மக்களவைத் தேர்தலின்போது, உத்தரவு வந்த மறுநாளே துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிவுகள் வந்த பிறகு ஜூன் மாதத்தில் திரும்பப் பெற்றேன்.

2. அந்த வங்கிக் கிளை 2024 பிப்ரவரியில் நகரக் கிளையுடன் இணைக்கப்பட்டது. கிளை இருந்த கட்டடத்தில் இப்போது ஜவுளிக் கடை நடக்கிறது என்பது தாங்கள் அவ்வழியே செல்லும்போது கண்டதுதான். கிளை போனதோடு என் வேலையும் போயிற்று. என் நடத்தையில் குறை கண்டு என்னை நீக்கவில்லை. அதற்கான சான்றை வங்கியிடமிருந்தே பெற்று இணைத்திருக்கிறேன். உரிமம் முடிய இரண்டு மாதங்களுக்கு மேல் இருக்கும்போதே, 10.10.2024 அன்று, மருத்துவச் சான்று உட்பட எல்லா ஆவணங்களுடனும் புதுப்பிக்க விண்ணப்பித்தேன். டிசம்பர் 31 வரை உத்தரவு வராததால், உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை மதித்து, யாரும் கேட்பதற்கு முன்பே நானே கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது பெற்றேன்.

3. விசாரணைக்காக என் வீட்டுக்கு வந்த காவலர், இப்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வேலை இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். வேறு கேள்வி எதுவும் அவர் கேட்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நான் பெற்ற அறிக்கை நகலில், மனுதாரர் வேலையின்றியும் வருமானமின்றியும் உள்ளார், எனவே துப்பாக்கி வைத்திருக்க அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை என்று இரண்டே வரிகள் உள்ளன. அப்போது வேலை இல்லை என்பது உண்மை. வருமானம் இல்லை என்பது உண்மையன்று. மாதந்தோறும் ராணுவ ஓய்வூதியம் என் கணக்கில் வரவாகிறது, அதன் ஆணையும் விண்ணப்பத்துடனேயே இருக்கிறது. ஒரே ஒரு தாளைப் புரட்டிப் பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க வேண்டியதில்லை.

வேலையிழந்த ஒருவன் கையில் துப்பாக்கி இருப்பதைப் பற்றிக் காவல் துறை யோசிப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கடன் நெருக்கடி உண்டா, குடிப்பழக்கம் உண்டா, வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ தகராறு உண்டா, மனம் தளர்ந்திருக்கிறாரா என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் மனம் நிறைந்து பதில் சொல்லியிருப்பேன். தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கச் சொல்லியிருப்பேன். அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல், வேலை இல்லை என்ற ஒற்றைச் சொல்லோடு எழுந்து போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

4. ஐயா, என்னை வாட்டுகிற விஷயத்துக்கு இப்போது வருகிறேன். முந்தைய மனுக்களில் இதைச் சுருக்கமாக எழுதியதால்தான் இதன் கனம் தெரியவில்லையோ என்று எண்ணி, இம்முறை விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த தொழில் ஆயுதக் காவல் ஒன்றுதான். வங்கிகளின் பணத்தை ஏற்றிச் செல்லும் வண்டி ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு ஆயுதக் காவலர்கள் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. ஆனால் நான் அணுகிய நிறுவனங்கள் எதுவும் துப்பாக்கி தருவதில்லை. சொந்தத் துப்பாக்கியும் நடப்பில் உள்ள உரிமமும் வைத்திருப்பவரை மட்டுமே எடுக்கின்றன.

03.12.2024 அன்று பணப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் என்னைத் தேர்வு செய்தார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்த மேலாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். பிறகு உரிமப் புத்தகத்தைப் பிரித்தார். காலாவதி தேதியின் மீது விரலை வைத்து, இன்னும் 28 நாட்கள்தானே இருக்கின்றன, புதுப்பித்துக்கொண்டு வாருங்கள், அன்றே பணியாணை தருகிறேன் என்றார். வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்திற்குச் சென்றேன். எங்கள் ஊரிலிருந்து 34 கிலோமீட்டர், இரண்டு பேருந்து மாற வேண்டும். அங்கே பிரிவு எழுத்தர், பணியாணையைக் கொண்டுவாருங்கள், அவசியம் இருப்பதாக எழுதிப் பரிந்துரைக்கிறோம் என்றார். திரும்பவும் நிறுவனத்திற்குப் போனேன். உரிமம் இல்லாமல் ஆணை தர முடியாது என்றார்கள். திரும்பவும் கோட்டாட்சியர் அலுவலகம். ஆணை இல்லாமல் பரிந்துரைக்க முடியாது என்றார்கள். இப்படி அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஏழு முறை நடந்தேன். ஜனவரியில் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் மாதம் அட்சய திருதியைக்கு முன்பு நகரத்து நகைக்கடை ஒன்றில் மாதம் 21,000 ரூபாய் ஊதியத்துக்குக் கூப்பிட்டார்கள். அதே கேள்வி, அதே பதில், அதே அலைச்சல். செப்டம்பரில் முதலில் சொன்ன அதே நிறுவனம் மறுபடியும் அழைத்தது. இந்த முறை மேலாளர் இன்னொன்றும் சொன்னார். ஆயுதக் காவலராகப் புதிதாகச் சேர்பவருக்கு அவர்களிடம் வயது வரம்பு 55. எனக்கு வருகிற மார்ச் மாதத்தில் 55 முடிகிறது. அதற்குப் பிறகு உரிமம் வந்தாலும் அந்த வாசலில் எனக்கு வேலை இல்லை.

இப்போது ஏரிக்கரை வளைவில் உள்ள அரிசி ஆலையில் கைத்தடியுடன் இரவுக் காவல் பார்க்கிறேன். மாதம் 9,000 ரூபாய். எந்த வேலையையும் நான் இழிவாக நினைப்பவனல்லன். ஆனால் மூத்த மகள் செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். ஓய்வூதியம் வீட்டுக் கடனுக்கும் அன்றாடச் செலவுக்கும் சரியாகப் போகிறது. ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணத்துக்காக என் மனைவியின் ஐந்து சவரன் நகையை, 16 ஆண்டுகள் நான் வாசலில் நின்று காத்த அதே வங்கியில்தான், அடகு வைத்தோம். நகைப் பெட்டகம் இருக்கும் இடத்தில் என்னைத் தெரிந்த பழைய காசாளர், எப்போது மறுபடி வேலைக்கு வருகிறீர்கள் என்று அன்போடு கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வேலை இல்லாததால் உரிமம் இல்லை. உரிமம் இல்லாததால் வேலை இல்லை. இந்த முடிச்சை நான் எந்த முனையிலிருந்து அவிழ்ப்பது? இதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

5. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை நான் படித்த அளவில் சில கூறுகளைப் பணிவுடன் குறிப்பிடுகிறேன். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று 14(2)-ஆம் பிரிவு கூறுகிறது. சொத்தே இல்லாதவனுக்கு அந்தக் காரணத்தால் மறுக்கக் கூடாது என்கிற சட்டம், கிளை மூடப்பட்டதால் வேலையிழந்தவனை மட்டும் தகுதியற்றவன் என்று கருதுமா? எழுத்துமூலம் காரணம் பதிந்து வேறுவிதமாக முடிவெடுத்தாலன்றி உரிமம் புதுப்பிக்கத்தக்கது என்று 15(3)-ஆம் பிரிவு கூறுகிறது. காவல் நிலைய அறிக்கையைப் பரிசீலித்து, வழங்குவதா மறுப்பதா என்று எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும் என்று 13-ஆம் பிரிவு கூறுகிறது. அறிக்கை என்பது அறிக்கை மட்டுமே. உத்தரவிட வேண்டியவர் தாங்கள். மேலும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளே தொழிலின் தன்மையால் ஏற்படும் தேவையை உரிமத்துக்கான காரணமாக ஏற்கின்றன. என் தொழிலே அதுதான்.

6. மறுத்தாலாவது 18-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்வேன். மறுக்கவும் இல்லை, தரவும் இல்லை! எதை எதிர்த்து நான் மேல்முறையீடு செய்வது? மூன்று ஒப்புகைச் சீட்டுகளை எதிர்த்தா?

7. துப்பாக்கி பத்து மாதங்களுக்கும் மேலாகக் காவல் நிலைய அறையில் கிடக்கிறது. மழைக்காலத்துக்கு முன் குழலுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, அங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டேன். உத்தரவு இல்லாமல் தொடக் கூடாது என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் ஆயுதத்தைத் துருப்பிடிக்க விடக் கூடாது என்று பயிற்சியின் முதல் வாரத்திலிருந்து கற்ற ஒருவனுக்கு அது எவ்வளவு வேதனை என்பதைத் தங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

8. ஆகவே ஐயா, மறுபடியும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். என் உரிமத்தைப் புதுப்பித்து உத்தரவிட வேண்டும். அறிக்கையில் ஐயம் இருந்தால், மேலே நான் சொன்ன கேள்விகளையெல்லாம் கேட்டு மறுவிசாரணை செய்ய வேண்டும். எந்த நாள், எந்த நேரம் அழைத்தாலும் வருகிறேன். வேலையில்லாதவன் கையில் துப்பாக்கி தருவதில்தான் தயக்கம் என்றால், அதற்கும் நானே ஒரு வழி சொல்கிறேன். உரிமத்தைப் புதுப்பித்துக் கொடுங்கள், துப்பாக்கி காவல் நிலையத்திலேயே இருக்கட்டும். உரிமத்தைக் காட்டிப் பணியாணை பெற்று, அந்த ஆணையைத் தங்கள் அலுவலகத்தில் சமர்ப்பித்த பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறேன். அறுபது நாட்களுக்குள் ஆணையைக் கொண்டுவராவிட்டால் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள் என்று இப்போதே எழுதிக் கொடுக்கிறேன். இவை எதுவுமே முடியாது என்றால், முடியாது என்பதையாவது காரணத்துடன் கையொப்பமிட்டுக் கொடுங்கள். பதில் இல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உரிமம் புதுப்பிக்கப்பட்டால் வேலை தருவதாக அந்த நிறுவனம் அளித்த கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த இடத்தை 15.12.2025 வரை எனக்காக நிறுத்தி வைப்பதாக அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தேதிக்கு முன்பாக ஓர் உத்தரவு பிறப்பிக்குமாறு தங்களை மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்