கோட்டை அடிவாரத்து வீடு

நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். பேரன் பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

கோட்டை அடிவாரத்தில் உள்ள உங்கள் அப்பாரு காலத்து வீட்டை இடித்துவிட்டு, முகப்பில் கண்ணாடி பதித்து இரண்டு மாடி எழுப்ப மகன் விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். மாநகராட்சியில் வரைபட அனுமதி வாங்கினால் போதும் என்று அவர் எண்ணியிருந்தால், அது நடவாது. மலைமேல் இருக்கும் நம் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், பழங்காலச் சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தத்தின்படி, அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்குள் கட்டினாலும் பழுது பார்த்தாலும் முன் அனுமதி வேண்டும். உங்கள் வீடு முதல் வட்டத்துக்குள் வருகிறது. 1992 ஜூன் 16க்கு முன் கட்டியது என்பதால் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். மீறினால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

மலையை மறைக்கும் மாடிகளைத் தடுப்பதில் எனக்கு முழு உடன்பாடுதான். ஆனால் பக்கத்து வீட்டைப் பாருங்கள்: உத்தரத்தைக் கரையான் அரித்து, நாட்டு ஓடுகள் சரிந்து, மேலே தார்ப்பாயை விரித்துச் செங்கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சட்டப்படி, அனுமதி தரும் அலுவலர் விண்ணப்பத்தைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப 15 நாள், ஆணையம் பரிந்துரைக்க இரண்டு மாதம், பிறகு அலுவலர் முடிவெடுக்க ஒரு மாதம். ஐப்பசி மழை அதுவரை பொறுக்குமா? ஓடு மாற்றுபவரையும் மாடி எழுப்புபவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் என் மனத்தாங்கல். சின்னம் ஒவ்வொன்றுக்கும் முகப்பு, வெளித்தோற்றம் பற்றித் தனித் துணைவிதிகள் வகுக்க அதே சட்டம் இடம் தருகிறது. சிறு வேலைகளுக்கு அதில் எளிய வழி வைத்தால், பழைய வீடுகள் இடியும்வரை கிடந்து அழியாது.

ஆகவே இடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, திண்ணையை அப்படியே வைத்துக் கூரையை மட்டும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். 1992க்கு முந்தைய வீட்டு வரி ரசீதுகள் அப்பாருவின் பெட்டியில் இருக்கும். தேடி எடுத்து வாருங்கள். விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்தே எழுதிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்