குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தும் ஈடு வரவில்லை: ஆட்சியருக்கு ஒரு மீனவப் பெண்ணின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
மண்டபம் ஒன்றியத்தைச் சேர்ந்த மீனவப் பெண்
(பெயர், முகவரி, ஆதார் நகல் தனித்தாளில் வைத்துள்ளேன்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: கஞ்சா வழக்கில் தவறாகச் சேர்க்கப்பட்டு, மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் இருந்து, குற்றமற்றவர் என விடுதலையான என் கணவருக்கு இழப்பீடும், வழக்கில் பிடித்து வைத்து வீணாகிப்போன வத்தைக்கு (சிறு நாட்டுப்படகு) மாற்று வத்தையும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த விஷயமாக நான் ஏற்கெனவே கொடுத்த மனுக்களுக்கு இதுவரை பதில் இல்லை. மனு பெறப்பட்டது என்று செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். அப்புறம், உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இன்னொன்று வரும். அனுப்பிய இடத்தில் போய்க் கேட்டால், எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லையே என்கிறார்கள். ஆகவே தங்கள் நேரடிக் கவனத்துக்குப் பணிவுடன் மறுபடியும் எழுதுகிறேன். மண்டபத்தின் வடக்குக் கடலும் தெற்குக் கடலும் தாங்கள் அறிந்தவை. அங்கே ஒரு வத்தைக்காரர் குடும்பம் எப்படி ஓடும் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1. என் கணவர் விவரம் தெரிந்த நாளிலிருந்து நாட்டுப்படகில் தொழில் செய்பவர். நண்டு வலைதான் போடுவார். இந்த வழக்குக்கு முன்னால் அவர்மேல் ஒரு சின்னப் புகார்கூடக் கிடையாது.

2. 2021 ஆடி மாதம் எங்கள் ஊர்க் கரையில், இலங்கைக்குக் கடத்த வைத்திருந்த கஞ்சா மூட்டைகள் பிடிபட்டன. மூட்டைகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வத்தை கட்டிக் கிடந்தது. அந்த ஒரு காரணத்துக்காக, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவோம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் ஜாமீன் எவ்வளவு கஷ்டம் என்பது தங்களுக்குத் தெரியும். ஆள் குற்றவாளி இல்லை என்று நீதிபதிக்கே நம்பும்படி இருந்தால்தான் வெளியே விட முடியும் என்பது சட்டம். விசாரணை தொடங்கும் முன்பே அதை ஒரு கடல் தொழிலாளி எப்படி நிரூபிப்பார்? அதனால் வழக்கு முடியும்வரை உள்ளேயே இருந்தார். 2024-இல் தீர்ப்பு வந்தது. பிடித்த இடமும் நேரமும் சாட்சிக்குச் சாட்சி வேறுபடுகிறது, இவருக்கும் மூட்டைக்கும் சம்பந்தம் இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசுத் தரப்பு மேல்முறையீடும் செய்யவில்லை. தீர்ப்பு நகல் இந்த மனுவோடு வைத்திருக்கிறேன்.

3. இனி எங்கள் வத்தையைப் பற்றி. இதைத்தான் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அது ஃபைபர் வத்தை. மகளிர் குழுவில் நான் எடுத்த கடனும், என் நகையை அடகு வைத்த பணமும், அவர் பல வருடம் அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்ச் சேர்த்ததும்தான் அந்த வத்தை. வாங்கி இரண்டு சீசன்கூட முழுதாக ஓடவில்லை. வழக்குச் சொத்து என்று சொல்லி அதை இழுத்துப் போனவர்கள், கடலோரத்தில்கூட வைக்காமல் டிராக்டரில் ஏற்றி, ஒரு அலுவலகத்தின் பின்னால் திறந்த வெளியில் ஒருச்சாய்த்துப் போட்டார்கள். ஒரு தார்ப்பாய் போட்டு மூடவாவது விடுங்கள் என்று கேட்டேன். வழக்குச் சொத்தைத் தொடக்கூடாது என்றார்கள். சரி என்று திரும்பி வந்தேன். ஒவ்வொரு மழைக்கும் அதில் தண்ணீர் நின்றது. வெயிலில் ஃபைபர் பாளம் பாளமாக வெடித்தது. வத்தைக்குள்ளே எருக்கஞ்செடி முளைத்துப் பூத்திருந்ததை என் மகன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். இஞ்சின் முதலில் இருந்தது. பிறகு இஞ்சினில் தண்ணீரைத் தள்ளும் விசிறி இல்லை. பிறகு இஞ்சினே இல்லை. யாரிடம் கேட்டாலும், அது எங்கள் காலத்தில் நடந்தது இல்லை, முன்னால் இருந்த அதிகாரியிடம் கேளுங்கள் என்கிறார்கள்.

தீர்ப்பில் வத்தையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இருந்தது. கொடுத்தார்கள் ஐயா. அணியத்தில் (முன்பக்கத்தில்) எழுதியிருந்த பதிவு எண்ணை வைத்துத்தான் அது எங்களுடையது என்று அடையாளம் கண்டோம். அடிப்பக்கத்தில் கையை விட்டால் அந்தப் பக்கம் வெளியே வந்தது. வலையை எலி கடித்துப் போட்டிருந்தது, மிதவையைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த நிலையில் இருந்ததற்கு, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று முன்பே டைப் செய்து வைத்திருந்த ரசீதில் கையெழுத்துக் கேட்டார்கள். போடாவிட்டால் இதையும் எடுத்துப் போக முடியாது என்றார்கள். அவர் ஒன்றும் பேசாமல் போட்டுக் கொடுத்தார். அந்த ரசீதைக் காட்டித்தான் இப்போது, நீங்களே நல்ல நிலையில் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்களே என்று என் மனுவை ஒதுக்குகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

பிடித்த வண்டி வாகனங்களை இப்படி வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்கக்கூடாது, உரிய பிணை வாங்கிக்கொண்டு சீக்கிரம் விட்டுவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டதாம். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு என்று இலவச சட்ட உதவி மையத்து வக்கீல் அம்மா எடுத்துக் காட்டினார். போதைப்பொருள் வழக்கில் பிடித்த வண்டியையும் இடைக்காலமாக விடத் தடையில்லை என்று 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பும் வந்திருக்கிறது. எங்கள் வத்தை அதற்குள் மக்கிவிட்டது.

வத்தை இல்லாததால் மீன்வளத்துறை ஆய்வில் காட்ட முடியவில்லை, மானிய மண்ணெண்ணெயும் நின்றது. குழுக் கடன் மட்டும் நிற்கவில்லை. அதற்காகத்தான் நான் கடல்பாசி எடுக்கப் போனேன். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசி பறித்தால் துணியையும் மீறி விரல் கிழியும். தீவுப் பக்கம் போனால் வனத்துறைக்குப் பயப்பட வேண்டும். அந்தக் காசு வட்டிக்குச் சரியாகப் போனது. மூத்தவள் பிளஸ் டூவோடு நின்றாள்.

4. ஐயா, இதைக் கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம், ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. எங்கள் தெருவிலேயே இலங்கைச் சிறையில் ஆள் இருக்கிற வீடுகள் உண்டு. அந்தக் குடும்பங்களுக்குத் தமிழக அரசு தினப்படி தருகிறது. 350 ரூபாயாக இருந்ததை 2025-இல் 500 ரூபாயாக உயர்த்தியும் தந்தது. அங்கே பிடிபட்டுத் திரும்பி வராத படகுக்கு நிவாரணமும் உண்டு. அது நல்ல காரியம், அவர்களுக்கு இன்னும் கூட்டித் தர வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் என் புருஷன் நம் நாட்டுச் சிறையில் இருந்தார். எந்த எல்லையையும் தாண்டவில்லை. செய்யாத குற்றத்துக்கு இருந்தார் என்று நம் நீதிமன்றமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அவர் இருந்த நாட்களுக்கு என் வீட்டுக்கு ஒரு ரூபாய் வந்ததா? எங்கள் வத்தையை இலங்கைக் கடற்படை பிடித்திருந்தால் அதற்கு நிவாரணம் கிடைத்திருக்கும். நம் அரசே பிடித்து வைத்ததால் கிடைக்காது என்றால் அதை எங்கள் பிள்ளைகளிடம் நான் எப்படிச் சொல்வது?

5. இழப்பீடு கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று ஒரு அதிகாரி வாய்மொழியாகச் சொன்னார். வக்கீல் அம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன். போதிய காரணமில்லாமல் ஒருவரைப் போலீஸ் கைது செய்யும்படி செய்தவர் கொடுக்க வேண்டிய ஈடு என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது அதிகபட்சம் 1,000 ரூபாய். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே ஆயிரம்தான். ஆனால் பீகாரில் 1968-இல் விடுதலையான ருதுல் ஷாவை 14 வருடம் வெளியே விடாமல் வைத்திருந்ததற்கு 1983-இல் உச்ச நீதிமன்றம் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. வாழும் உரிமையைப் பறித்தால் அரசு பணமாக ஈடு தர வேண்டும் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994-இல் பொய் வழக்கில் கைதானவர். 2018-இல் அவருக்கு 50 லட்சம் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே 2018-இல் மத்திய சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில், தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டமும் சிறப்பு நீதிமன்றமும் வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் என்ன செய்வது? எல்லோராலும் டெல்லி வரைக்கும் போக முடியுமா? பாசி பறிக்கிறவள் உச்ச நீதிமன்றத்துக்கு வக்கீல் வைக்க முடியுமா? சட்டம் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறவர்கள், வத்தையைப் பிடிக்கும்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லையே.

6. இப்போது அவர் கரையில்தான் இருக்கிறார். விடுதலையாகி வந்தவரை யாரும் படகில் சேர்ப்பதில்லை. கெட்டவர்கள் இல்லை, பயம். கடலில் சோதனை நடந்தால் இவரால் தங்கள் படகும் மாட்டும் என்று நினைக்கிறார்கள். எங்கே மூட்டை பிடிபட்டாலும் முதலில் விசாரிக்க எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். விடுதலைத் தீர்ப்பு எதற்கு ஐயா இருக்கிறது? அவர் தீர்ப்பு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

எனவே ஐயா அவர்கள் தயவுசெய்து,

என் கணவர் சிறையில் இருந்த நாட்களுக்கு, வெளிநாட்டுச் சிறையில் உள்ள மீனவர் குடும்பங்களுக்குத் தரும் தினப்படிக் கணக்கிலாவது ஈடு வழங்க அரசுக்குத் தங்கள் பரிந்துரையுடன் கருத்துரு அனுப்ப வேண்டும். அது குறைந்தபட்சம்தான். போன வருடங்களுக்கு அது ஈடாகாது, ஆனால் அதையாவது தாருங்கள்.

வத்தை எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. மீன்வளத்துறையிலிருந்து ஒருவரை அனுப்பி நேரில் பார்த்து மதிப்பிடச் சொல்லுங்கள். ரசீதைப் பார்க்க வேண்டாம், வத்தையைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தபின் இஞ்சினும் வலையும் சேர்த்து மாற்று வத்தைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஈட்டுத்தொகை தாமதமாகும் என்றால் வத்தையை முதலில் கொடுங்கள். வத்தை இருந்தால் அவர் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, மற்றதற்கு நாங்கள் காத்திருப்போம்.

காரணமில்லாமல் வீட்டுக்கு விசாரணைக்கு வருவதை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இந்த மனுவுக்கு எழுத்துமூலமாகப் பதில் வேண்டும். முடியாது என்றாலும் எந்தக் காரணத்தால் முடியாது என்று கையெழுத்திட்டுக் கொடுங்கள், அதை வைத்து உயர் நீதிமன்றம் மதுரைக் கிளைக்குப் போக வக்கீல் அம்மா தயாராக இருக்கிறார். மறுபடியும் வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வத்தைக்கு மட்டுமாவது இந்தக் கச்சான் காலம் முடிவதற்குள் ஒரு வழி செய்யுங்கள் ஐயா.

தீர்ப்பு நகல், வத்தையின் பதிவுச் சான்று, இப்போதைய நிலையில் எடுத்த புகைப்படங்கள், குழுக் கடன் பாஸ்புக் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: மண்டபம்