கியர்பாக்ஸைத் தாங்கிய கைகளுக்கு

அன்புள்ள நண்பர்களே,

பெயர் போட்டு எழுதக் கூடாது என்று எல்லோரும் ஒருமிக்கச் சொல்லிவிட்டீர்கள். சரி, பெயரில்லாமலே எழுதுகிறேன். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் கிளட்சை என் வண்டியில் மாற்றக் கை கொடுத்த உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்களுக்கு உரிய வரி எது என்பது படிக்கும்போது தெரிந்துவிடும்.

முதல் நன்றி அண்ணனுக்கு. 1996ஆம் ஆண்டு வண்டி அது. ஈரமான ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் அலறியது, சக்கரம் அசையவில்லை, கருகிய நாற்றம் உள்ளே வரை வந்தது. நான் சொன்னதும், கிளட்ச் போய்விட்டது என்று நீங்கள் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. முதலில் பெடலைக் கையால் அழுத்தி, மேலே கொஞ்சமாவது தளர்வு இருக்கிறதா என்று பார்த்தீர்கள். தளர்வே இல்லையென்றால் நல்ல கிளட்சும் வழுக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தளர்வு சரியாகவே இருந்தது. பிறகு சமதளச் சாலையில் உயர்ந்த கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தீர்கள். இன்ஜினின் வேகம் ஏறியது, வண்டியின் வேகம் ஏறவில்லை. "தட்டு தேய்ந்துவிட்டது, தம்பி. இன்னும் ஓட்டினால், அது உராயும் கனத்த சக்கரமான பிளைவீலும் போகும்" என்றீர்கள். இன்னும் இரண்டு மாதம் தள்ளலாம் என்று நினைத்திருந்த என்னை அந்த ஒரு சொல் நிறுத்தியது.

வேலை தொடங்கிய காலையில், வண்டியை ஜாக்கியில் தூக்கி நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்திய பிறகும் யாரையும் கீழே போகவிடாமல் நின்றவர் மாமா. பக்கவாட்டில் தோளைக் கொடுத்து வண்டியை அசைத்துப் பார்த்தீர்கள். ஒரு ஸ்டாண்டின் கால் லேசாகச் சறுக்கியது. மறுபடி இறக்கி, தரையைப் பெருக்கி, மறுபடி ஏற்றினோம். அரை மணி நேரம் போனது. அந்த வண்டிக்கு அடியில் இரண்டு நாட்கள் நம்மில் மூன்று பேர் முதுகைத் தரையில் வைத்துக் கிடந்தோம் என்பதை நினைக்கும்போது, அந்த அரை மணி நேரத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கழற்றிய போல்ட்டுகளை அட்டையில் குத்தி வைத்த தங்கைக்கு நன்றி. பெட்டியில் மொத்தமாகப் போட்டுவிடலாம் என்றுதான் நாங்கள் இருந்தோம். நீ அட்டையில் கியர்பாக்ஸின் வாய் வட்டத்தை வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் செருகினாய். மாட்டும்போதுதான் தெரிந்தது, அவற்றில் மூன்று நீளங்கள் இருந்தன. அச்சுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன், பின் புரொப்பல்லர் ஷாஃப்டுகளைக் கழற்றும் முன் இரு பக்கத் தகட்டிலும் வெள்ளைக் கோடு இழுத்ததும் நீதான். அதனால்தான் அவை பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தன, வண்டியில் ஒரு அதிர்வும் இல்லை.

மேலே இருந்த இரண்டு போல்ட்டுகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம், கை நுழையாத சந்து. ஸ்பேனரை நீட்டும் கம்பிகளான எக்ஸ்டென்ஷன்கள் மூன்றை ஒன்றோடொன்று கோத்து, கியர்பாக்ஸின் தலைக்கு மேலே விட்டு, தடவியே கண்டுபிடித்துக் கழற்றிய தம்பிக்கு என் வணக்கம். உன் முழங்கையில் விழுந்த கீறல் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

கியர்பாக்ஸும், முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து இறங்கியபோது நான்கு பேர் கை கொடுத்தீர்கள். ஜாக்கி இருந்தும் அது ஒரு பக்கம் சாயப் பார்த்தது. அதைவிட, இறங்கியபின் மாமா செய்ததை நான் மறக்க மாட்டேன். உள்ளே படிந்திருந்த கரிய தூளைக் காற்றடித்து ஊதிவிட ஒருவர் குழாயை எடுத்தார். "பழைய கிளட்ச் தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அதை மூச்சில் இழுக்கக் கூடாது" என்று தடுத்தீர்கள். எல்லோருக்கும் முகமூடி கொடுத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணிகளைப் பையில் கட்டி வைத்தீர்கள்.

தட்டைக் கையில் எடுத்தபோது யாரும் பேசவில்லை. உராயும் பரப்பில் ரிவெட்டின் தலை குறைந்தது 0.3 மில்லிமீட்டர் உள்ளே பதிந்திருக்க வேண்டும் என்கிறது கையேடு. நம் தட்டின் ஒரு பக்கத்தில் ரிவெட்டுகள் பரப்போடு பரப்பாக வந்து, தேய்ந்து, பித்தளை நிறத்தில் மின்னின. பிளைவீலில் அவை கீறிய வட்டக் கோடுகள் விரல்நகத்தில் தட்டுப்பட்டன. நடுநடுவே நீலம் பாய்ந்த திட்டுகள், சூட்டில் வெந்த இரும்பின் நிறம். அண்ணன் சொன்னது அப்படியே கண்முன் இருந்தது. பிளைவீலைக் கழற்றி மறுநாள் காலையிலேயே கடைசலுக்குக் கொண்டுபோய் முகத்தைச் சமப்படுத்திக் கொண்டுவந்த நண்பருக்குத் தனியாக நன்றி.

இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அடுத்த விஷயம்தான். பிளைவீல் இருந்த இடத்தில், இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலுக்குக் கீழே லேசான ஈரம் தெரிந்தது. சொட்டவில்லை, வெறும் ஈரம். விடலாம் என்றேன் நான். எல்லோரும் களைத்திருந்தோம், சீல் கையில் இல்லை, வாங்கி வர வேண்டும். மாமா கோபப்படவில்லை. விரலால் அந்த ஈரத்தைத் தொட்டு, புதுத் தட்டின் ஓரத்துக்கு அருகில் பிடித்துக் காட்டினீர்கள். "இது இங்கே வந்தால் இன்றைய வேலை முழுதும் வீண். ஒரு ரப்பர் வளையத்துக்காகத் திரும்பவும் கியர்பாக்ஸை இறக்குவாயா?" என்று மட்டும் கேட்டீர்கள். சீலை மாற்றினோம். கிராங்கின் முனையில் கியர்பாக்ஸ் தண்டைத் தாங்கும் சிறிய பைலட் பேரிங்கையும், பெடலை மிதிக்கும்போது கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் அதோடு மாற்றினோம். மாற்றும் வேலை சிறியது, அதை எட்டும் வேலைதான் பெரியது என்று அன்று புரிந்தது.

புதுத் தட்டை நடுவில் நிறுத்த, வேறொரு பழைய கியர்பாக்ஸின் முன் தண்டான இன்புட் ஷாஃப்டைத் துடைத்துக் கொண்டுவந்தவருக்கும், தட்டின் எந்த முகம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று மூன்று முறை சரிபார்த்தவருக்கும், தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கியவருக்கும் நன்றி.

கியர்பாக்ஸ் திரும்ப ஏறும்போதுதான் சோதனை. இரண்டு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ஆகியும் நுழையவில்லை. நீளமான போல்ட் போட்டு இழுத்துவிடலாம் என்று ஒரு குரல் வந்தது. அது என் குரல்தான். அண்ணன் விடவில்லை. இழுத்தால் தட்டின் நடுப்பகுதி வளையும், கியர்பாக்ஸ் வார்ப்பில் போல்ட் மாட்டும் காது உடையும் என்றீர்கள். விளக்கைக் கையில் வாங்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "கீழே இடைவெளி அகலம், மேலே குறுகல். இன்ஜின் பின்னால் சாய்ந்திருக்கிறது, கியர்பாக்ஸின் வாலை இறக்கு" என்றீர்கள். ஜாக்கியைக் கொஞ்சம் தளர்த்தினோம். தம்பி கியரைப் போட்டுவிட்டுப் ஷாஃப்ட் மாட்டும் பின்பக்கத் தகட்டை மெல்லத் திருப்பினான். பல்லோடு பல் சேர்ந்து, மெல்லிய ஒரு 'டக்'. அவ்வளவுதான். நூறு கிலோவும் தானாக முன்னால் நகர்ந்து இன்ஜினோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொடுக்கும் ஸ்லேவ் சிலிண்டரில் காற்று எடுத்தது, ஆயில் நிரப்பியது எல்லாம் இருட்டியபின் விளக்கு வெளிச்சத்தில் நடந்தன. பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டே இருந்த சிறுவனுக்கும் என் அன்பு. "மிதி", "விடு" என்ற இரண்டு சொற்களுக்கு ஒரு தடவைகூட நீ தவறவில்லை.

முதல் 500 கிலோமீட்டர் மென்மையாக ஓட்ட வேண்டும், பாரம் இழுக்கக் கூடாது, ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்து வண்டியைத் தாங்கி நிறுத்தக் கூடாது என்று மாமா சொன்னபடியே ஓட்டி முடித்துவிட்டேன். நேற்று அதே ஏற்றத்துக்குப் போனேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. வேகம் குறைத்து இழுவை கூட்டும் லோ ரேஞ்சில் இரண்டாம் கியரில் போட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்தேன். வண்டி ஒரு முறைகூடத் தயங்காமல் ஏறியது. மேலே போய் நிறுத்தி, இறங்கி, கியர்பாக்ஸுக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது, மாமா. ஒரு துளி ஈரம் இல்லை.

அண்ணா, உங்கள் எக்ஸ்டென்ஷன்களில் ஒன்று என் பெட்டியோடு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். உங்கள் வண்டியின் பின் அச்சில் ஏதோ சத்தம் என்றீர்களே, ஜாக்கியையும் ஸ்டாண்டுகளையும் கையோடு எடுத்துவருகிறேன். அதையும் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்