மஞ்சள் ரிப்பன்: ஞாயிறு காலை 10 மணி, மொட்டை மாடி

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் 10, வியாழன், உலக தற்கொலைத் தடுப்பு நாள். அன்று நம் லாஸ்பேட்டை குடியிருப்பில் எல்லாரும் மஞ்சள் ரிப்பன் குத்திக்கொள்கிறோம். 6-ந்தேதி ஞாயிறு சேர்ந்து செய்கிறோம்.

1. 80 ரிப்பன், ஒன்றுக்கு 15 செ.மீ.; மொத்தம் 12 மீட்டர். 1 செ.மீ. அகலம், இருபக்கமும் பளபளக்கும் சாட்டின். ஒருபக்க சாட்டினில் மடிப்பில் மங்கல் தெரியும். நேரு வீதியில் வாங்குபவர்கள் தங்க நிறம் எடுத்துவிடாதீர்கள்: அது குழந்தைப் புற்றுநோய்க்கு, அதுவும் செப்டம்பரில்தான்.

2. வெட்டிய முனையை மெழுகுவத்திச் சுடரின் ஓரத்தில் ஒரு நொடி காட்டினால் நூல் பிரியாது. சுடருக்குள் விட்டால் கருகும். ஃபேனை நிறுத்துங்கள்.

3. ரிப்பனை வளையமாக மடித்து, முனைகள் குறுக்கிடும் இடத்தில் ஊக்கு குத்துங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு டபுள் சைடு டேப் போதும்.

4. ரிப்பனோடு சீட்டு கட்டாயம். 1979-ல் ஈரானில் பிணைக்கைதிகளான அமெரிக்கர்களுக்காகவும், 2014-ல் தென்கொரியக் கப்பல் விபத்தில் இறந்த மாணவர்களுக்காகவும் கட்டியது இதே மஞ்சள்தான். வெறும் ரிப்பனைப் பார்த்து யாருக்கும் விஷயம் புரியாது. சீட்டில்: “மனசு கனக்கிறதா? டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும்.”

எத்தனை ரிப்பன் வேண்டும், யார் கத்தரிக்கோல் கொண்டுவருவீர்கள் என்று வீட்டு எண்ணோடு வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.